இடுப்பில் துப்பாக்கி, எதிரே காவலர்

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில், ஒருவர் கைத்துப்பாக்கியை எல்லோரும் பார்க்கும்படி இடுப்பில் மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பது குற்றமல்ல. அந்த வழக்கத்தில் எனக்கு உடன்பாடு கிடையாது. நான் வாழும் ஒஹாயோ மாநிலத்தில் அதைத் தடைசெய்வது குறித்து என்றைக்காவது வாக்கெடுப்பு நடந்தால், தயங்காமல் தடைக்கே வாக்களிப்பேன். ஆயினும் சட்டம் இன்று அனுமதிக்கும் ஒன்றைச் செய்பவர் காவலருக்கு எதிரே நிற்கும் அந்தச் சில நொடிகளில், அவருடைய உரிமை ஆளுக்கு ஆள் மாறிவிடுகிறது என்பது என்னை நெடுநாளாக உறுத்துகிறது. இதைச் சரிசெய்யும் பொறுப்பு அரசைச் சேர்ந்தது என்பதே என் உறுதியான கருத்து.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கிளீவ்லாந்தில் ஒரு கடைக் கண்ணாடியை மாறி மாறி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை ஒரு துப்பறியும் காவலர் நிறுத்திச் சோதித்த வழக்கில், 1968-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு வரையறை வகுத்தது. குற்றம் நடக்கிறது அல்லது நடக்கப்போகிறது என்று நம்புவதற்குக் கண்ணால் கண்ட, எடுத்துச் சொல்லக்கூடிய காரணம் இருந்தால்தான் காவலர் ஒருவரைத் தடுத்து நிறுத்தலாம்; அவரிடம் ஆயுதம் இருக்கிறது, அவரால் ஆபத்து என்று கருதினால்தான் மேலோட்டமாகத் தடவிச் சோதிக்கலாம். மயாமியில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் இளைஞரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று பெயர் சொல்லாத ஒருவர் தொலைபேசியில் தெரிவித்தது மட்டும் போதாது என்று 2000-ஆம் ஆண்டு அதே நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. துப்பாக்கி ஏந்துவது சட்டப்படியானதாக இருக்கும் மாநிலத்தில், துப்பாக்கி கண்ணில் பட்டது என்பதே சந்தேகத்திற்குக் காரணமாகாது என்பதுதான் இதிலிருந்து பிறக்கும் நேரான முடிவு.

அந்த முடிவை எங்கள் மாநிலத்து வழக்கு ஒன்றே தெளிவாக்கியது. 2010-ஆம் ஆண்டுக் கோடையில், டொலிடோ நகரில் ஒருவர் மனைவி, மகள், பேரன், நாய் சகிதம் நடைபயிற்சிக்குப் புறப்பட்டார். அவர் இடுப்பு உறையில் கைத்துப்பாக்கி வெளியே தெரியும்படி இருந்தது. மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் ‘இப்படித் துப்பாக்கியோடு நடக்கக் கூடாது’ என்று சத்தம் போட, ‘நடக்கலாம்’ என்று மனைவி பதில் சொல்லியிருக்கிறார். சத்தம் போட்டவர் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தார். வந்த காவலர் அந்த மனிதருக்குக் கைவிலங்கிட்டு வாகனத்தில் உட்கார வைத்தார். அவர் தொடுத்த வழக்கில், 2015-ஆம் ஆண்டு, ஒஹாயோ அடங்கிய ஆறாவது வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் காவலரின் வாதத்தை ஏற்கவில்லை. சட்டம் தெரியாது என்று குடிமக்கள் சொல்லித் தப்ப முடியாதபோது, இவ்வளவு தெளிவான சட்டத்தைக் காவலரும் அறிந்திருக்க வேண்டும் என்று நீதிபதிகள் எழுதினார்கள். நான் இருமுறை படித்த தீர்ப்பு அது. துப்பாக்கியை விரும்பாத எனக்கும் அதில் மறுக்க ஒன்றும் அகப்படவில்லை.

ஆனால் 2017-இல், வேறு சில மாநிலங்களுக்கான நான்காவது வட்டார நீதிமன்றத்தின் முழு அமர்வு இதன் மறுபக்கத்தைத் திறந்துவிட்டது. இருக்கைப் பட்டை அணியாததற்காக நிறுத்தப்பட்ட ஒரு காரில் பயணம் செய்தவரைப் பற்றிய வழக்கு அது. ஒருவர் முறைப்படி நிறுத்தப்பட்டுவிட்டால், அவரிடம் இருக்கும் துப்பாக்கி உரிமம் பெற்றதாக இருந்தாலும் சரி, அவரை ஆபத்தானவராகக் கருதிச் சோதிக்கலாம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவுசெய்தார்கள். துப்பாக்கி சந்தேகத்திற்கு இடமல்ல என்கிறது ஒரு விதி. துப்பாக்கி இருந்தாலே ஆபத்து என்கிறது இன்னொரு விதி. காரின் பின்விளக்கு எரியாதது போன்ற ஓர் அற்பக் காரணம் கிடைத்துவிட்டால் முதல் விதி அடிபட்டுப்போய் இரண்டாவது விதி வந்து உட்கார்ந்துவிடுகிறது. யாருடைய கார் அடிக்கடி நிறுத்தப்படுகிறது என்பது இந்த நாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஃபிலாண்டோ காஸ்டீல் என்ற கறுப்பின இளைஞரின் கார் அப்படித்தான் நிறுத்தப்பட்டது. 2016 ஜூலை 6 அன்று, மின்னசோட்டா மாநிலத்தின் ஃபால்கன் ஹைட்ஸில், பின்விளக்குக் கோளாறு என்று காரணம் சொல்லப்பட்டது. ஒரு கொள்ளையில் தேடப்பட்டவரைப் போல மூக்கு அகன்றிருக்கிறது என்று அந்தக் காவலர் அதற்கு முன்பே வாக்கி டாக்கியில் சக காவலரிடம் பேசியிருந்தார். காஸ்டீலுக்கு வயது 32. செயின்ட் பால் நகரப் பள்ளி ஒன்றின் உணவுக்கூடத்தை மேற்பார்வையிட்டு வந்தவர். துப்பாக்கி வைத்திருக்க முறையான அனுமதி பெற்றவர். அவருடைய துப்பாக்கி வெளியே தெரியவில்லை. அவரே ‘ஐயா’ என்று விளித்து, தன்னிடம் துப்பாக்கி இருப்பதைச் சொன்னார். காவலர் கேட்டால் சொல்ல வேண்டும் என்பதுதான் மின்னசோட்டா சட்டம். அவரோ கேட்பதற்கு முன்பே சொன்னார். அதை எடுக்காதே என்றார் காவலர். எடுக்கவில்லை என்றார் காஸ்டீல். அவர் சொல்லிப் பத்து நொடிகள்கூட ஆகியிருக்காது, ஏழு குண்டுகள் பாய்ந்தன. பின்னிருக்கையில் நான்கு வயதுப் பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் நடுவர் குழு அந்தக் காவலரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. சட்டம் கேட்டதற்கு மேலாகவே நடந்துகொண்ட ஒருவருக்கு இந்தக் கதி நேர்ந்ததென்றால், அவர் பெற்றிருந்த அனுமதிச் சீட்டுக்கு என்ன மதிப்பு?

ஒஹாயோவும் இதில் பின்தங்கிவிடவில்லை. 2014 ஆகஸ்டில் பீவர்கிரீக் வால்மார்ட்டில், அலமாரியில் விற்பனைக்கு இருந்த காற்றுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அலைபேசியில் பேசியபடி நடந்த ஜான் கிராஃபோர்டு என்ற 22 வயதுக் கறுப்பின இளைஞர் காவலரால் சுடப்பட்டு இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் கிளீவ்லாந்துப் பூங்கா ஒன்றில் 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் டமீர் ரைஸ் சுடப்பட்டான். காவலரின் வண்டி வந்து நின்ற இரண்டு நொடிகளுக்குள் அது நடந்தது. அவன் கையில் இருந்த துப்பாக்கி பொம்மையாக இருக்கலாம், அவன் சிறுவனாக இருக்கலாம் என்று அழைத்தவர் 911-இல் சொல்லியிருந்தார். அந்தச் செய்தி காவலருக்குப் போய்ச் சேரவில்லை. உண்மைத் துப்பாக்கியையே பெரியவர்கள் வெளிப்படையாக ஏந்தலாம் என்று சட்டம் சொல்லும் மாநிலத்தில்தான் இவை இரண்டும் நடந்தன. இரண்டிலும் எந்தக் காவலர் மீதும் குற்றம் சாட்ட முதல்நிலை நடுவர் குழு முன்வரவில்லை.

இந்த ஓரவஞ்சனைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1960-களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவில் குண்டு நிரப்பிய துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்துவதற்குத் தடை இருக்கவில்லை. ஓக்லாந்தில் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் துப்பாக்கியும் சட்டப் புத்தகமுமாகக் காவலர்களின் பின்னே போய், அவர்கள் கறுப்பின மக்களை நிறுத்தி விசாரிப்பதைச் சட்டம் அனுமதித்த தூரத்தில் நின்று கண்காணித்தார்கள். உடனே தடை மசோதா வந்தது. அதை எதிர்த்து அவர்கள் 1967 மே 2 அன்று சாக்ரமென்டோ சட்டமன்றக் கட்டடத்துக்கே ஆயுதங்களுடன் போனார்கள். அதே ஆண்டு ஆளுநர் ரொனால்டு ரீகன் அந்தத் தடையில் கையொப்பமிட்டார்.

காவலர்களின் அச்சம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். காஸ்டீல் இறந்த மறுநாள், டாலஸ் ஊர்வலத்தில் ஒருவன் ஐந்து காவலர்களைச் சுட்டுக் கொன்றான். அந்தக் கூட்டத்தில் நீள்துப்பாக்கிகளை வெளிப்படையாக ஏந்தியவர்கள் இருந்ததால், யார் எதிரி என்று பிரித்தறிவது கடினமாக இருந்தது என்று காவல்துறைத் தலைவரே பிறகு சொன்னார். எங்கள் ஊர் மளிகைக் கடையில் பால் எடுக்கும் இடத்தில் இடுப்பில் துப்பாக்கியுடன் நின்றவரை முதன்முதலாகப் பார்த்தபோது என் கை என்னை அறியாமல் மகளின் தோளைப் பிடித்தது. அவரோ காலாவதித் தேதியைப் படித்துக்கொண்டிருந்தார். அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தைக் கட்டுப்படுத்தப் பயிற்சியும் சம்பளமும் பெறுபவர் காவலர். அவருக்கு எதிரே நிற்பவர் அப்படிப் பயிற்சி பெற்றவரல்லர். அப்படியிருக்க, நிதானமாக இருக்கும் சுமை முழுவதையும் குடிமகன் தலையில் ஏற்றுவது எந்த வகையில் நியாயம்?

இங்கே வாழும் தமிழர்களுக்கும் இதில் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நண்பர் வாங்கிக் கொடுத்தாலும் குற்றமே. காவலர் நிறுத்தினால் ‘நான் போகலாமா’ என்று கேட்கவும், சோதனைக்குச் சம்மதமில்லை என்று வாயால் சொல்லவும் விசாவில் இருப்பவருக்கும் உரிமை உண்டு. ஆனால் மீறிச் சோதித்தால் உடலால் தடுக்கக் கூடாது, அதை நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். துப்பாக்கியை மறைத்து வைத்திருப்போர் காவலரிடம் தாமாகவே அதைச் சொல்ல வேண்டுமா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. மிஷிகனில் உடனே சொல்ல வேண்டும். எல்லை தாண்டி ஒஹாயோவுக்குள் வந்தால், 2022 முதல் கேட்டால் சொன்னால் போதும். பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பொம்மைத் துப்பாக்கியின் ஆரஞ்சு முனையைக் கழற்ற விடாதீர்கள். டமீரிடம் இருந்ததில் அந்த முனை இல்லை.

எங்கள் நகர மன்றத்தில் நான் முன்வைக்கப்போகும் கோரிக்கைகள் இரண்டு. துப்பாக்கியோடு ஒருவர் இருக்கிறார் என்று 911-க்கு அழைப்பு வந்தால், அவர் அதை வைத்து என்ன செய்துகொண்டிருக்கிறார் என்ற கேள்வியைக் கட்டாயம் கேட்டு, கிடைத்த பதிலை ஒரு சொல்கூட விடாமல் காவலருக்குச் சொல்ல வேண்டும். உறையில் கிடக்கும் துப்பாக்கியைத் தவிர வேறு காரணம் எதுவும் காட்ட முடியாமல் ஒருவரைத் தடுத்து நிறுத்தும் காவலர், யாரை, எங்கே, எதற்காக நிறுத்தினார் என்பதை எழுத்தில் பதிய வேண்டும். அந்தப் பதிவேடு, நிறுத்தப்பட்டவர்களின் இனத்தோடு சேர்த்து, ஆண்டுதோறும் மக்கள் பார்வைக்கு வர வேண்டும்.