பத்து பேர் சேர்ந்தால்தான் பாட்டிலை உடைப்பார்களாம்

பெரியவர்களுக்கான தடுப்பூசி முகாமில் காலி நாற்காலிகளைப் படம் எடுத்துப் போட்டு, "ஓசியில் கொடுத்தாலும் நம்ம சனத்துக்கு அருமை தெரியாது" என்று எழுதிய அந்த டாக்டரின் பதிவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்புகிறீர்கள். பார்த்தேன். அதற்குச் சிரிப்பு பொம்மை போட்ட என் சொந்தக்காரர்களையும் பார்த்தேன்.

பெரியவர்கள் தடுப்பூசிக்கு வராததற்குக் காரணம் அலட்சியம் இல்லை. அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. குழந்தைக்கு என்றால் அட்டை உண்டு, புதன்கிழமை உண்டு, தேதி தவறினால் வாசலில் வந்து நிற்கும் நர்ஸம்மா உண்டு. கர்ப்பிணிக்கு ரணஜன்னி வராமல் தடுக்கும் டி.டி. ஊசி உண்டு. அறுபது வயதுக்காரருக்கு? ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் தேசியத் திட்டத்தில் அவருக்குக் கிடையாது, காசு கொடுத்து வெளியில்தான் போட வேண்டும். போடாத பந்திக்கு ஏன் வரவில்லை என்று திட்டுவது எந்த ஊர் நியாயம்?

என் அம்மா கடலூர் முதுநகரில் மீன் விற்கிறவர். 2021 ஏப்ரலில் கொரோனா தடுப்பூசி போட்ட இரண்டே நாளில் நடிகர் விவேக் இறந்தபோது எல்லோரையும் போல அவரும் பயந்தார். அந்தச் சாவுக்கு ஊசி காரணமில்லை என்று பிறகு தெரிந்தது. செப்டம்பரில் ஞாயிற்றுக்கிழமை மெகா முகாம் எங்கள் தெருமுனைக்கே வந்ததும், கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார். இரண்டாவது தவணையும் அப்படித்தான். அடுத்த ஆண்டு பூஸ்டருக்கு, வியாபாரம் முடித்துப் பதினொரு மணிக்குப் போனால், "பத்து பேர் சேர்ந்தால்தான் பாட்டிலை உடைப்போம்மா, உடைத்தால் நாலு மணி நேரத்தில் தீர்க்கணும்" என்றார்கள். அன்று மூன்று பேர். மறுவாரம் நான்கு பேர். மூன்றாவது முறை அம்மா போகவில்லை. அவரும் இப்போது அந்தக் காலி நாற்காலிக் கணக்கில்தான்.

மருந்து வீணாகக் கூடாது, எனக்கும் புரிகிறது. நர்ஸைக் குறை சொல்லவில்லை. அம்மாவின் இரண்டு நாள் வீணானது மட்டும் யார் கணக்கிலும் இல்லை.

"அதுக்காக வீட்டுக்கே வரணுமா?" என்பீர்கள். வரணும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருகிறதே! கூடவே "கடைசியா டி.டி. எப்போ போட்டீங்க" என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? பத்து வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டிய ஊசி. மீன்முள்ளும் தூண்டிலும் கையில் ஏறாத நாள் எங்கள் பக்கம் ஏது?

வதந்தியை நம்புகிறவர்களும் இருக்கிறார்கள், சரி. எனக்கு அந்த வதந்தியை ஃபார்வர்டு செய்தவர்களில் பாதிப் பேர் பட்டதாரிகள். அவர்களை யாரும் "நம்ம சனம்" என்று சொல்வதில்லை.

அம்மா அந்தத் தடுப்பூசிச் சான்றிதழை ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் உறையில் இன்னும் வைத்திருக்கிறார். சிரித்த சொந்தங்களே, அடுத்த தடவை வீட்டுக்கு வந்தால் சங்கரா மீன் குழம்பு கேட்காதீர்கள்.