ஒரு பிள்ளைக்கு ஓர் அணா

புதன்கிழமை காலை எதிர்வீட்டுப் பையனை மாநகராட்சிப் பள்ளியில் விடப் போனேன். அவன் அம்மாவுக்கு முதல் ஷிப்ட். வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் பொங்கலுக்கு நடுவே குழி பண்ணி, சாம்பார் ஓடிவிடாமல் விரலால் கரை கட்டிக்கொண்டிருந்தாள். அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் காலத்தில் மதியம் மட்டும்தான் போடுவார்கள். கோதுமை ரவை உப்புமா. கொருக்குப்பேட்டையிலிருந்து அப்பா ஹார்பருக்கு மூட்டை தூக்கப் போவார். கப்பல் வராத வாரங்களில் எனக்கு அந்த உப்புமாதான் அன்றைய சாப்பாடு. காமராஜர் பெயரைச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டு வளர்ந்தவள் நான். அவருக்கும் முன்னால், 1920-லேயே, இதே சென்னையில் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட வழி பண்ணினார் என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. பிட்டி தியாகராயர்.

தோல் பதனிடுதல், நெசவு என்று பெரிய வியாபாரக் குடும்பம். சுமார் நூறு தறிகள் ஓடிய நெசவுச்சாலை அவருடையது. இந்திய வியாபாரிகளுக்கென்று 1909-இல் தொடங்கிய தென்னிந்திய வர்த்தக சபைக்குப் பத்து வருஷத்துக்கு மேல் தலைவராக இருந்தார். நீதிக்கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். 1920 தேர்தலில் கட்சி ஜெயித்ததும் முதல் மந்திரி பதவி அவரைத் தேடி வந்தது. வேண்டாம் என்றார். மாநகராட்சித் தலைவர் நாற்காலியிலேயே இருந்தார்.

இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பணம் கொடுக்கிற வள்ளல்கள் ஊருக்கு ஊர் உண்டு. சொந்த வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டு, சுமார் நாற்பது வருஷம் மாநகராட்சிக் கூட்டங்களில் உட்கார்ந்து ஊர்க்காரியம் பார்த்தவர்கள் எத்தனை பேர்? சாக்கடை, குழாய்த் தண்ணீர், தெருவிளக்கு என்று போகும் அந்தக் கூட்டங்களில் கைதட்டல் கிடைக்காது. ஆனால் ஊர் ஓடுவது அங்கேதான்.

அப்படி ஒரு கூட்டத்தில்தான் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியைப் பற்றிப் பேச்சு வந்தது. அங்கே படிக்கிற பிள்ளைகள் ரொம்ப ஏழைகள், அதனாலேயே பள்ளிக்கு வருவது குறைகிறது என்று தியாகராயர் எடுத்துச் சொன்னார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகாமல் சிற்றுண்டி கொடுக்கலாம் என்று முடிவானது. வேறு சில பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது. இந்தப் பள்ளிகளில் 1922-23-இல் 811 ஆக இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை, 1924-25-இல் 1,671 ஆனது. இரண்டே வருஷத்தில் இரண்டு மடங்கு. பசிக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்தால் போதும்.

ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்யக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுத்தது. 1925 ஏப்ரல் 1-ஆம் தேதி சாப்பாடு நின்றது. அதே மாதம் 28-ஆம் தேதி தியாகராயர் காலமானார். திட்டம் பிறகு மறுபடி தொடங்கியதைப் பார்க்க அவர் இல்லை.

மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை முன்னால் அவருக்குச் சிலை இருக்கிறது. தியாகராய நகர் இருக்கிறது, ஆனால் அதை நாம் தி.நகர் ஆக்கிவிட்டோம். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற கூட்டத்தில் அந்த ‘தி’ யாரென்று யாருக்கு நினைவு வரும்? சிலைக்கு மாலை போடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அவருக்குரிய இடம் மாநகராட்சிப் பள்ளிகளின் சமையற்கட்டு என்று எனக்குப் படுகிறது. ஒவ்வொரு சமையற்கட்டுச் சுவரிலும் அவர் பெயர், 1920, ஆயிரம் விளக்கு, ஓர் அணா என்று நாலு வரி எழுதினால் என்ன? பெயிண்ட் செலவுதான். சாப்பிட வருகிற பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கும்.

அன்றைக்குப் பரிமாறிக்கொண்டிருந்த அக்காவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு நிமிர்ந்தார். “நூறு வருஷத்துக்கு முன்னாடியேவாம்மா?” என்றார். அப்புறம், “பேரு என்ன சொன்னீங்க? இன்னொரு வாட்டி சொல்லுங்க” என்று கேட்டார்.