கேமரா உன்னோடதுதானே மச்சி?

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் வருடக் குறும்படம். கேமரா என்னிடம் இருப்பதால் நான் ஒளிப்பதிவாளர். தகுதி அவ்வளவுதான்.

காலை 6 மணிக்கு ஷூட்டிங் என்றான் டைரக்டர். சூரியன் நேரத்துக்கு வந்துவிட்டது. ஹீரோ வந்தது பதினொன்றரைக்கு. உச்சி வெயிலில் அவன் மூக்கு நிழல் உதட்டு மேல் இன்னொரு மீசையாக விழுகிறது. "மச்சி, அந்த விடியற்காலை ஃபீல் கொண்டு வந்துடு" என்கிறான் டைரக்டர். சூரியன் என்ன என் மாமனா மச்சானா, கூப்பிட்டதும் இறங்கி வர?

லைட் கேட்டால் பட்ஜெட் இல்லை. பிரியாணிக்கு மட்டும் இருக்கிறது. என் மொத்த லைட்டிங்கும், வெயிலை முகத்துக்குத் திருப்பிவிட, டிவி பெட்டிக்குள் வந்த ஒரு தெர்மாகோல். அதைப் பிடிக்க வந்த ஜூனியர் இன்னொரு கையில் ரீல்ஸ் பார்க்கிறான். வெளிச்சம் வேப்பமரத்தில் அழகாக விழுகிறது, ஹீரோயின் முகத்தைத் தவிர.

அப்புறம் இரவுக் காட்சி. தெருவிளக்குதான். கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 6400-க்கு ஏற்றினேன். முகமெல்லாம் ரவை கொட்டியது போல நாய்ஸ். வீட்டுக்குள் எடுக்கும்போது ஷட்டர் வேகத்தை 50-லேயே (நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு) விடு, இல்லாவிட்டால் டியூப்லைட் துடிக்கும் என்று தலையில் அடித்துச் சொன்னேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் யாரோ டயலைத் திருகிவிட்டார்கள். மூன்று மணி நேரம் எடுத்தது முழுக்கக் கோடு கோடாக.

டைட்டிலில் டைரக்டர் பெயர் நான்கு முறை. என் பெயர் நன்றிப் பட்டியலில், டீக்கடைக்குக் கீழே, எழுத்துப்பிழையோடு.

ரீஷூட்டாம். ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணிக்கு.