யார் பக்கம் என்று கேட்பதற்கு முன்னால்

தென்கிழக்காசியா என்று பேச்செடுத்தாலே, "அவங்க அமெரிக்கா பக்கமா, சீனா பக்கமா?" என்றுதான் கேட்கிறோம். தலைமுறை தலைமுறையாக அங்கே கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன செட்டிநாட்டிலும் இதே கேள்விதான் என்பது வருத்தமாக இருக்கிறது.

அந்த நாடுகளுக்கு இறையாண்மைதான் முதலில், மற்றதெல்லாம் பிறகு. வெளியார் கைக்கு எல்லாம் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தில் நமக்கும் பங்குண்டு. கீழ்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், 1930இல் அங்கே வட்டிக்கு விட்ட நம் செட்டியார்கள் கையில் இருந்தது சுமார் 6 சதவீத விளைநிலம். நெல் விலை படுத்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் மூழ்கியது. 1938இல் அது 25 சதவீதம்! வட்டிக்கடைக்காரருக்கு வேண்டியது ரொக்கம்தான், வயல் அல்ல. ஆனால் நிலம் இழந்த பர்மிய உழவனிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. விடுதலை கிடைத்த 1948லேயே நில நாட்டுடைமைச் சட்டம் வந்துவிட்டது. நம் வீட்டு முகப்பில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூணைப் பார்க்கும்போது இந்தக் கணக்கும் நினைவுக்கு வரவேண்டும்.

1967இல் பிறந்த ஆசியானும், அதாவது தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பும், இதே பயத்தின் மேல் கட்டியதுதான். ஒருவர் வீட்டு விவகாரத்தில் மற்றவர் தலையிடக் கூடாது, எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஓட்டெடுப்பே கிடையாது. இதில் கோளாறு எங்கே வரும் என்று 2012இல் கம்போடியத் தலைநகர் நோம்பென்னில் நடந்த வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்தில் தெரிந்தது. கூட்டறிக்கையில் தென்சீனக் கடல் தகராறு பற்றி ஒரு பத்தி சேர்க்க, அந்த ஆண்டின் தலைமை நாடான கம்போடியா இணங்கவில்லை; 45 ஆண்டுகளில் முதல்முறையாகக் கூட்டறிக்கையே வரவில்லை.

உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது பற்றிய 2022 மார்ச் 2 ஐ.நா. ஓட்டைப் பாருங்கள். சிங்கப்பூர் ரஷ்யாவைக் கண்டித்தது, தானே முன்வந்து அதன்மேல் பொருளாதாரத் தடையும் போட்டது. 1983இல் கரீபியத் தீவு நாடான கிரெனடாவுக்குள் அமெரிக்கா நுழைந்தபோதும் அது அமெரிக்காவுக்கு எதிராகத்தான் ஓட்டுப் போட்டது. பெரிய நாடு சின்ன நாட்டுக்குள் படையோடு நுழைவதை ஏற்றால் நாளைக்குத் தனக்கும் அதே கதி என்பது அதற்குத் தெரியும். ரஷ்ய ஆயுதங்களை நம்பியிருக்கும் வியட்நாமோ ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டது.

இதுவரை அவர்கள் நியாயம் எனக்குப் புரிகிறது. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த மியான்மர் (பழைய பர்மா) விஷயத்தில்தான் மனம் ஒப்பவில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 24இல் ஜகார்த்தாவில் ஆசியான் தலைவர்கள் கூடி, ஐந்து அம்ச உடன்பாடு பேசி முடித்தார்கள். வன்முறையை உடனே நிறுத்துவது முதல் அம்சம். மியான்மர் ராணுவத் தலைவரும் அங்கேதான் இருந்தார். ஊர் திரும்பியும் துப்பாக்கி ஓயவில்லை. அதற்கு ஆசியான் காட்டிய பெரிய கண்டிப்பு, அவரை உச்சி மாநாட்டுக்கு அழைக்காமல் விட்டதுதான். ஒருமித்த கருத்து வராவிட்டால் எப்படி முடிவெடுப்பது என்பதை உச்சி மாநாடே தீர்மானிக்கலாம் என்று ஆசியான் சாசனத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவை மியான்மருக்காக எடுத்துப் பயன்படுத்துங்கள் என்றுதான் கேட்கிறேன்.