வெள்ளியை வீட்டுக்கு அனுப்பலாம், டேலி கணக்கை அனுப்பக் கூடாதா?

சேலம் செவ்வாய்பேட்டையில் எந்தக் கடைப்படி ஏறினாலும் இப்போ ஒரே புலம்பல்தான். "ஆளே கிடைக்கறதில்லைங்க. எல்லாருக்கும் வீட்ல உட்கார்ந்துக்கிட்டே சம்பளம் வரணும்."

எனக்குத் தெரிந்த வெள்ளி வியாபாரி ஒருத்தர். அவர் கடையில் கணக்குப் பார்த்த பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. "வாரத்துல ரெண்டு நாள் கடைக்கு வர்றேண்ணா, மிச்ச நாள் வீட்ல இருந்தே கம்ப்யூட்டர்ல டேலி கணக்கு போட்டுடறேன்" என்று கேட்டுப் பார்த்தார். "கண்ணு முன்னாடி இல்லாட்டி வேலை நடக்குமாம்மா?" என்று முடித்துவிட்டார் முதலாளி.

அதே மனுஷன்தான் சாயந்திரம் சிவதாபுரத்துப் பட்டறைக்கு வெள்ளியை எடை போட்டுக் கொடுத்தனுப்புகிறார். கிலோ லட்ச ரூபாயைத் தாண்டிப் போன வெள்ளி! அத்தாட்சி ஒரு துண்டுச்சீட்டு. கம்பி இழுக்க ஒரு வீடு, வளையம் கோக்க ஒரு வீடு, பற்றவைக்க இன்னொரு வீடு, கடைசியில் மெருகு. அடுப்படி வேலையை முடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை கோக்கிற அக்காவை எந்த முதலாளி கண் முன்னாடி உட்கார வைத்தார்? சரக்கு திரும்பி வரும்போது எடை, டச் (வெள்ளியின் சுத்தம்), சேதாரம் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் கூலி. சேலத்துக்கு வொர்க் ஃப்ரம் ஹோம் கொரோனாவோடு வந்ததா என்ன?

வீட்டில் நடக்கிற அந்த வேலை மட்டும் முதலாளிக்கு ஏன் உறுத்தவில்லை என்றால், கரண்ட் பில், கேஸ், புகை, முதுகுவலி எல்லாம் பட்டறைக்காரர் தலையில். ஆர்டர் இல்லாத மாசம் கூலியும் இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களையும் மற்ற தொழிலாளிகளுக்குச் சமமாக நடத்தணும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996லேயே 177ஆம் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

துணிக்கடைக்காரர்களும் இதே பாட்டுத்தான். நாள் முழுக்க நிற்கிற பெண்ணுக்கு ஒரு ஸ்டூல் போட 2021ல் தனிச் சட்டத் திருத்தமே வேண்டியிருந்த ஊர் நம்முடையது. அப்புறம் ஆள் நிற்கலைன்னா?

ஆள் இல்லை என்று ஏற்காடு எஸ்டேட்காரர்கள் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்கிறேன். காப்பிப் பழம் பழுத்துவிட்டால் ஆளுக்காகக் காத்திருக்காது, உதிர்ந்துவிடும். லேப்டாப்பில் பறிக்கவும் முடியாது. தோட்டத்துப் பிள்ளைகள் படித்துக் கீழே இறங்கிவிட்டார்கள், அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? வடக்கேயிருந்து வருகிற குடும்பங்களை வைத்துத்தான் பல இடங்களில் பறிப்பு ஓடுகிறது. அவர்களுக்கும் ஒழுகுகிற லைன் வீட்டைக் காட்டினால் அடுத்த வருஷம் வேறு தோட்டத்துக்குத்தான் போவார்கள்.

நம்ம கணக்குப் பெண் இப்போது பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறார். கடை வாசலில் 'கணக்காளர் தேவை, அனுபவம் அவசியம், சம்பளம் நேரில்' என்ற அட்டை வெயிலில் வெளுத்துத் தொங்குகிறது. மாசம் 20ஆம் தேதி நெருங்கினால் ஜிஎஸ்டி போட முதலாளியே பில் கட்டைத் தூக்கிக்கொண்டு ஆடிட்டர் ஆபீசுக்கு அலைகிறார்.