வாங்கினேன் என்றால் வாங்கினேன்தான்

காசு கொடுத்து வாங்கின படம் ஆப்பிலிருந்து காணாமல் போய்விட்டது என்று புதன்கிழமை போட்ட ஸ்கிரீன்ஷாட்டுக்கு வந்த பதில்களை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் 'கண்டிஷன்ஸைப் படிக்கலையா லாத்தா' என்கிறார்கள். மீதிப் பேர் 'டெலிகிராம்ல கிடக்குது, எடுத்துக்கங்க' என்கிறார்கள். உதவி என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பீர்கள். எனக்கு வலித்தது.

திரும்பவும் சொல்கிறேன். அந்த ஆப்பில் இரண்டு பட்டன் இருந்தது. வாடகைக்கு 75 ரூபாய், வாங்க 390 ரூபாய். வாடகை என்றால் இரண்டு நாளில் போய்விடும் என்று தெரிந்துதான் ஐந்து மடங்குக்கு மேல் கொடுத்து வாங்கினேன். இப்போது 'உரிமம் முடிந்துவிட்டது' என்று ஒற்றை வரி. முடிந்தது அவர்களுக்கும் தயாரிப்பாளருக்கும் இருந்த ஒப்பந்தம். நான் வாங்கினது எப்படி முடியும்?

அந்தப் படம் உம்மாவுக்காக வாங்கினது. உம்மா பிறந்த ஊர் பாம்பன். படத்தில் ரயில் பழைய பாம்பன் பாலத்தைக் கடக்கும் காட்சி வரும். அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தாலும் உம்மாவுக்கு அது வேறு பாலம்தான். அந்த ஒரு காட்சியை மட்டும் திரும்பத் திரும்ப வைக்கச் சொல்வார்.

எங்கள் கீழக்கரை வீட்டில் வாப்பா சபுரிலிருந்து, அதாவது வெளிநாட்டிலிருந்து, கொண்டுவந்த டேப் ரெக்கார்டரும் ஒரு பெட்டி நாகூர் ஹனீபா கேசட்டும் இருந்தன. கடல் காற்றுக்கு டேப்பில் பூசணம் பிடிக்கும், பஞ்சு வைத்துத் துடைப்போம். நிக்காஹ் வீட்டுக்கு இரவல் போகும், திரும்பி வரும். வாப்பா மவுத்தாகி ஒன்பது வருஷம். பெட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது. விற்ற கடைக்காரர் ஒருநாளும் வந்து எங்கள் அலமாரியைத் திறந்ததில்லை.

கண்டிஷன்ஸ் பற்றிச் சொன்னவர்களுக்கு: ஆமாம், நான் படிக்கவில்லை. அத்தனை பக்க ஆங்கிலத்தை நீங்கள் படித்தீர்களா? பட்டனில் 'வாங்கு' என்று எழுதியவர்கள்தானே பதில் சொல்ல வேண்டும்? கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, கொடுப்பது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போட்டு விற்கக் கூடாது. மைக்ரோசாஃப்ட் 2019-ல் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களின் புத்தகங்களும் போயின. ஆனால் பணமாவது திரும்பி வந்தது. எனக்குக் கிடைத்தது 100 ரூபாய் கூப்பன், அதுவும் 30 நாளுக்குள் செலவழிக்க வேண்டுமாம்.

'படம் எடுத்தவன் பிழைக்க வேண்டாமா' என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பிழைக்கட்டும் என்றுதானே காசு கொடுத்தேன் தம்பி! நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில், ஒருமுறை விற்ற புத்தகப் பிரதியை வாங்கினவர் மறுபடி விற்கலாம். முறையாகக் கையில் இருக்கும் மென்பொருளுக்குக் காப்புப் பிரதி எடுத்து வைக்கலாம். ஆனால் 2012 திருத்தத்தில் 65ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். நகலெடுக்க விடாமல் போடும் டிஜிட்டல் பூட்டை, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை. சரி, திருடனுக்குப் பூட்டு வேண்டும். காசு கொடுத்தவளை வெளியே தள்ளிப் பூட்டினால் அதற்கு என்ன தண்டனை? திருடி வைத்திருப்பவரிடம் அந்தப் படம் இன்றைக்கும் இருக்கிறது. என்னிடம் இல்லை. இதைத்தான் யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள்.

'மாசச் சந்தா கட்டிப் பார்க்கலாமே' என்பவர்களுக்குப் பதில் இல்லை. நான் கேட்பது அது இல்லை.

உம்மா இன்று காலையிலும் கேட்டார், "அந்தப் பாலம் வர்ற படத்தப் போடும்மா." நெட் சரியில்லை உம்மா என்று சொன்னேன். பொய் சொல்ல வைத்துவிட்டார்கள், அதுதான் ஆறவில்லை.

390 ரூபாய்க்கு இவ்வளவா என்றால், ஆமாம், இவ்வளவுதான். 2019 நுகர்வோர் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. ரசீதையும் அந்த இரண்டு பட்டன் படத்தையும் பிரிண்ட் எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை ராமநாதபுரம் போகிறேன்.