ஐந்து சன்னத்துக்கு இவ்வளவு பாடா?

தற்காப்புத் துவக்குகள் பற்றி ஒரு கட்டுரை வாசித்தேன்; பெரிய கலிபர் (குழலின் உள்விட்டம்) குட்டைக் குழல் ரிவால்வர்தான் மறைத்துக் கொண்டு திரிய முதல் தெரிவு என்று கட்டுரையாளர் அடித்துச் சொல்கிறார். நான் திருகோணமலைக்காரன், இங்கே 1916ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டம் இன்னும் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கைத் தொடக்கூட முடியாது, அதனால் எனக்கு இது வெறும் வாசிப்புதான். ஆனால் டெக்சாஸில் இருக்கிற மச்சானிடம் போனபோது அவரிடம் இருந்த அப்படியான ஒரு ரிவால்வரை, சார்ட்டர் ஆம்ஸ் புல்டாக்கை, சுட்டுப் பார்த்தேன். .44 ஸ்பெஷல் என்ற பெரிய ரகத் தோட்டா, ஒரு தடவைக்கு ஐந்து சன்னம், எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

அந்த எடைதான் வில்லங்கமே. இடுப்பில் இருப்பது தெரியாது, சரி, ஆனால் அதைவிடச் சிறிய .38 ஸ்பெஷல் தோட்டாவின் வழமையான சன்னம் 10 கிராம் என்றால் இதன் பழைய ஈயச் சன்னம் ஏறக்குறைய 16 கிராம், அதை இவ்வளவு இலேசான சாமானில் வைத்துச் சுட்டால் உதை முழுக்க உள்ளங்கையில்தான் வந்து விழும். மூன்றாவது வெடியிலேயே எனக்குப் பெருவிரல் அடி விண்விண் என்று வலித்தது. குழல் குட்டை என்பதால் குறி பார்க்க மேலே இருக்கிற முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி குறைவு, கை ஒரு நூல் அசைந்தாலும் குறி எங்கேயோ போய்விடும். மச்சானும் இப்போது .38தான் கட்டுகிறார், பெரியது அலுமாரியில்.

அப்புறம் வியர்வை! ஹூஸ்டன் புழுக்கம் நம்மூர் சித்திரை மாதிரித்தான். உடம்போடு ஒட்டிக் கிடக்கிற இரும்பில் துரு பிடிக்கும், எண்ணெய்த் துணியால் அடிக்கடி துடைக்க வேண்டும். அதைப் பற்றி கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே?